கிராணிக்கு ஒரு துணை

நெத்திலி போட்டு வேகவைத்த சோற்றின் நாற்றம் இன்றைக்கும் வீடு முழுக்க நிற்கிறது. நான் நாற்றம் என்றுதான் சொல்வேன். நீ ஒருவன்தான் அதை வாசனை என்பாய். உன் வீட்டிலிருந்து நான் எடுத்து வந்த சாமான் அந்தக் கரிபிடித்த சட்டி மட்டும்தான். மற்றதையெல்லாம் உன் அம்மா கிள்ளானில் இருக்கும் உன் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சட்டியும் நாயும் எனக்கு வந்தன. அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்தவனுக்கு எழுதுவது கிறுக்குத்தனம் என்று தெரியும். ஆனால் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும், "ஒரு நாய்க்கா இவ்ளோ?" என்பார்கள்.

கிராணி என்று பெயர் வைத்தது நீதான். குட்டியாக இருந்தபோது தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, மூட்டை ஏறி இறங்குவதைத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்ப்பான். "பாருடா, கணக்குப் பாக்குறான்" என்றாய். ஆபீஸில் கணக்கு எழுதுகிற நிஜக் கிராணி காதுக்கு இது போய், ஒருநாள் கொழுந்து லோரியை மறித்து, "ஏண்டா, நாய்க்கு வைக்க என் வேலதான் கெடச்சுதா?" என்று கேட்டார். நீ ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "கோவிக்காதீங்க சார், இவன் ஒங்கள மாதிரி அடிக்கடி லீவு போட மாட்டான்லா" என்றாய். அவர் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டார். உன்மேல் யாருக்கும் முழுசாகக் கோபம் வராது. எனக்கு வரும். நீ எதையும் சரிசெய்ய மாட்டாய். லோரி கதவு மூடவில்லையா, கயிறு போட்டுக் கட்டுவாய். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவா என்று அங்கே மெக்கானிக்காக இருக்கிற நான் கத்தினால், "வருதுல்ல டிப்ளோமா தொர, விடேன்" என்பாய்.

கிராணியின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தபோதும் அப்படித்தான். ஆபரேஷன், சொட்டு மருந்து, ஈப்போவில் பெரிய டாக்டர் என்று நான் ஒரு பட்டியலோடு வந்தேன். வயசான நாய், மயக்க மருந்து தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நீ அவன் காதைத் தேய்த்துக்கொண்டே, "இது நல்லாத்தானே இருக்கு, போதும்" என்றாய். அது போதுமாகத்தான் இருந்தது. சாயங்காலம் தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற வளைவில் நீ மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குவாய். உன் லோரி சைலன்சரில் ஓட்டை. அந்த ஏற்றத்தில் அது போடுகிற இருமல் நம் லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும். உடனே கிராணி எழுந்து, கண் தெரியாத நாய் மாதிரியே இல்லாமல், வாசல் விளிம்புக்கு ஓடுவான். நீ இறங்கும்வரை அவன் வால் நிற்காது.

பிறகு உனக்கு விடாமல் காய்ச்சல் அடித்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் வந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ பாதியில் நிறுத்தி, "கிராணி சாப்ட்டானா?" என்றாய்.

"நீ கெடக்குற கெடப்புல ஒனக்கு நாய்தான் முக்கியமா?"

"ரத்தத்த நீ பாத்துக்க. நான் நாயப் பாக்குறேன். ஆளுக்கு ஒரு வேல."

பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு நீ மலைக்கு ஏறி வரவில்லை.

உன் லோரியைப் புது ஆளிடம் கொடுத்தார்கள். அதே வளைவு, அதே கியர், அதே இருமல், லயத்து வாசலில் அதே நிறுத்தம். கிராணி ஓடுவான். கதவு திறக்கும், வேறு கால் இறங்கும். அவன் மூக்கை நீட்டி ஒருமுறை மோந்துவிட்டு அப்படியே நிற்பான். மறுநாளும் ஓடுவான். ஒவ்வொரு சாயங்காலமும் அவனுக்கு நீ ஒரு தடவை வந்து ஒரு தடவை செத்தாய். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கோளாறு எங்கே இருக்கிறதோ அங்கே கை வைப்பது. சத்தம்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். லோரியை ஒர்க்‌ஷாப்பில் ஏற்றி அந்த ஓட்டைச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட்டேன். புது டிரைவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்றைக்குச் சாயங்காலம் லோரி சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போனது. கிராணி எழவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வேலை நேரம் முடிந்தது என்று அவன் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான நேரம் தாண்டிய பிறகு தானாக எழுந்து விளிம்புக்குப் போய் உட்கார்ந்தான். பனி இறங்கியது, மழை வந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து சோற்றைத் தொடவில்லை. பதறிப்போய்ப் பழைய சைலன்சரையே திரும்ப மாட்டினேன். "நல்லாத்தானே மச்சான் ஓடுச்சு, ஒனக்கு என்னா கிறுக்கா?" என்றான் டிரைவர். அந்த இருமல் திரும்ப வந்தும் கிராணி காதை மட்டும் அசைத்தான். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நாய் டாக்டர் உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். "இன்னொரு நாய் கூட இருந்தா ஒருவேளை..." என்று இழுத்தார். ஒருவேளை என்பது எனக்குப் பிடிக்காத வார்த்தை. ஆனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

கம்போங் ராஜாவில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஸ்டெல்லா அக்காவை நீ பார்த்ததில்லை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ரோட்டில் விடப்பட்ட நாய்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். நல்ல வீடு கிடைத்தால் கொடுப்பார். நான் போய் நின்று எனக்கு வேண்டியதைச் சொன்னேன். பெட்டை, நடு வயசு, நடு உயரம், அதிகம் குரைக்காதது, நோய் இல்லாதது. அக்கா கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நாய் எடுக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ஜாதகம் கொண்டாந்தியா?"

"அக்கா, வெளையாடாதீங்க. அவன் சாவப் போறான்."

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டார். இருப்பதில் ஒன்றைப் பார்த்துக் கொடுத்தார். இளசு, பந்து மாதிரி துள்ளுகிறது. கிராணியை விளையாடக் கூப்பிடுகிறேன் என்று மோதித் தள்ளிவிட்டது. எங்கிருந்து வந்து மோதுகிறது என்று தெரியாமல் அவன் மூலையில் ஒண்டிக்கொண்டு காற்றைக் கடித்தான். வாயைத் திறந்து திறந்து, வெறும் காற்றை. அன்றைக்கே திருப்பிக் கொண்டுபோனேன்.

இரண்டாவது, நான் கேட்ட மாதிரியே இருந்தாள். சாந்தமான செவலை. கிராணி அவள் பின்னால் மூக்கை வைத்துக்கொண்டு நடந்தான். நெத்திலியை மட்டும் பொறுக்கித் தின்றான். நான் தொழிற்சாலையில் போய் எல்லோரிடமும் சொன்னேன். கிராணி சார்கூட, "என் பேரு பொழச்சுது" என்றார். ஆனால் அவள் ரோட்டில் வளர்ந்தவள். ஒருநாள் கொழுந்து வெட்டுகிறவர்கள் பின்னாலேயே மலைக்கு ஏறிப் போய்விட்டாள். வாசனை பிடித்துக்கொண்டு இவனும் போயிருக்கிறான். நான் வேலை முடிந்து வரும்போது அவள் மட்டும் வாசலில் படுத்திருந்தாள்.

தேயிலைக்கு நடுவே ஓடினேன். உனக்குத் தெரியும், கீழே இருந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரி இருக்கும். உள்ளே இறங்கினால் இடுப்பு உயரத்துக்கு ஒரே செடி. அதற்கு அடியில் ஒரு நாய் போனால் கடவுளுக்கும் தெரியாது. மழை வேறு. நான் கத்திக் கத்தித் தேடினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன், நான் கத்தியது கிராணியின் பெயரை இல்லை. உன் பெயரை. அவன் ஒரு வடிகாலுக்குள் வயிறு வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். முனகவும் இல்லை. கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்ற எண்ணமே அவனுக்குப் போய்விட்டது.

செவலையைத் திருப்பி விடும்போது ஸ்டெல்லா அக்காவிடம் கத்தினேன். அவரும் விடவில்லை.

"அது மேல என்னா தப்புலா? காலு இருக்கு, போவுது. நீ தேடுறது நாயில்ல, தூணு."

"அப்ப தூணே குடுங்க!"

அக்கா செவலையைக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, "கத்தி முடிச்சிட்டியா? இரும்பு வெட்டுற கிரைண்டர் ஒன்கிட்ட இருக்குல்ல, எடுத்துக்கிட்டு என்கூட கோலா தெர்லாவுக்கு வா" என்றார்.

அங்கே ஒரு சீனத் தவுக்கே, தோட்டத்து முதலாளி, காய்கறி போடுவதை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். காவலுக்குக் கட்டிப்போட்ட பெட்டை நாயை அக்காவிடம் கொடுக்கிறார். கழுத்துச் சங்கிலியின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. பிளாஸ்டிக் கூரைகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு முளை. அதைச் சுற்றிப் புல் முளைக்காத ஒரு வட்டம், செக்கு மாடு நடந்த மாதிரி பள்ளமாகத் தேய்ந்திருந்தது. தவுக்கே கெட்டவர் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டிருக்கிறார், நாய் கொழுகொழுவென்று இருந்தது. அவிழ்த்துவிட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கழுத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே ஈரச் சாக்கைத் திணித்து, அக்கா அவள் காதைப் பொத்திக்கொள்ள, நான் வெட்டினேன். பொறி பறந்தது. சங்கிலி விழுந்தது.

அவள் ஓடவில்லை. எழுந்து அந்த வட்டத்திலேயே நடந்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. விளிம்பைத் தாண்டி அக்கா ரொட்டி போட்டார். அவள் சங்கிலி இழுத்துப் பிடித்த மாதிரி நின்று, ரொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். தவுக்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

"இத யாரு எடுப்பா? இது எந்த நாய்க்கும் தொணையா ஆவாது" என்றார் அக்கா. கொட்டகையில் இடமில்லை. "ரெண்டு நாள் ஒன் வீட்டுல வச்சிரு, நான் ஒரு எடம் பாக்குறேன்." தூக்கித்தான் வண்டியில் ஏற்றினோம்.

என் வாசலில் துணி காயப்போடுகிற கம்பம் இருக்கிறதே, இறக்கிவிட்டதும் அதைத் தன் முளையாக எடுத்துக்கொண்டாள். சுற்ற ஆரம்பித்தாள். சிமெண்டில் நகம் உரசுகிற சத்தம். டக், டக், டக். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. கதவைச் சாத்தப் போனேன். அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து கிராணியின் மூக்கு வெளியே வந்தது.

அவன் வாசற்படியில் நின்று கேட்டான். ரொம்ப நேரம் கேட்டான். அந்தச் சத்தம் போகும், திரும்ப வரும், ஆனால் எங்கேயும் போய்விடாது. துள்ளி வந்து மோதாது. மலைக்கு ஏறாது. அவன் படியிறங்கி, அவள் அந்தப் பக்கம் போகும் நேரம் பார்த்து வட்டத்துக்குள் நுழைந்தான். அவள் உறுமினாள். அவன் நின்றான். அவள் நடந்தாள். அவன் இன்னும் இரண்டு எட்டு வைத்துக் கம்பத்தின்மேல் சாய்ந்து படுத்துவிட்டான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் படுத்தாள். கம்பத்திலிருந்து அந்தப் பழைய சங்கிலியின் நீளத்துக்குத் தள்ளி, அவன் எழுந்து நேராக நடந்தால் முட்டுகிற இடத்தில். மறுநாள் காலையில் இருவருக்கும் ஒரே தட்டில் போட்டேன். அவள் தின்கிற சத்தம் கேட்டு அவனும் வாயை வைத்தான். நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் சுகமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதே. நேற்று ஸ்டெல்லா அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஈப்போவுல ஒரு குடும்பம் அவ படத்தப் பாத்துட்டு கேக்குறாங்க. பெரிய காம்பவுண்டு, நல்ல மனுசங்க. பழக்கிடுவாங்க. ரெண்டு நாள்னுதானே ஒன்கிட்ட குடுத்தேன்?"

அவளுக்கு அது நல்லதுதான். என் சிமெண்ட் வாசலில் அவள் அந்த வட்டத்தை விட்டு வெளியே வரப்போவதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தே சொன்னேன்.

"வேணாங்க்கா. அவ போனா இவன் செத்துருவான்."

"வயசான நாய், தம்பி. என்னைக்கிருந்தாலும்..."

"அக்கா, கெஞ்சிக் கேக்குறேன். அவன் செத்தா..."

அதற்குமேல் வரவில்லை. எதையும் பாதியில் நிறுத்தாத எனக்கு வரவில்லை. அக்கா, "அவன் செத்தா என்னா? சொல்லு" என்றார். நான் கம்பத்தடியில் படுத்திருந்த கிராணியைப் பார்த்தேன்.

"சரிலா. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஊசி போடணும், அடுத்த வாரம் தூக்கிட்டு வா."

அவரிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். கிராணிக்குக் காலில் பலம் வந்ததும் அவன் முதலில் செய்த காரியம், வளைவில் அந்த இருமல் கேட்டபோது எழுந்து விளிம்புக்கு ஓடியதுதான். வால் நிற்கவில்லை. புது டிரைவர் இறங்கினான். கிராணி மோந்துவிட்டு நின்றான். பின்னால் நகச் சத்தம் கேட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்குத் திரும்பிவிட்டான். தினமும் இப்படித்தான். எந்தச் சத்தத்தைக் கொல்லப் பார்த்தேனோ, அது இப்போது ஒருநாள் கொஞ்சம் தாமதமானாலும் நானே வளைவுக்கு இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.

உன் சட்டைகளை உன் அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். லோரிச் சாவியில் வேறு பெயர் தொங்குகிறது. உன் சாம்பலைக் கரைத்தபோது உன் அம்மாவுக்குக் கை கொடுத்துப் பிடித்திருந்தவன் நான். நீ வரமாட்டாய் என்று இந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு வந்துவிடுவாய் என்று நம்புகிற ஆள் ஒருவன்தான் மிச்சம், மச்சான். அவன் செத்தால் உனக்காக எழுந்து நிற்க யாரும் இல்லை. நானும் இல்லை. எனக்குத்தான் தெரியுமே.