யாரிடமும் சொல்லவில்லை என்றாய்

இன்று காலை கிழக்கேகோட்டை பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளிடம் கர்ப்பூராதித் தைலம் மணத்தது. முழங்காலுக்குத் தேய்த்திருப்பாள் போல. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

அந்தத் தைலத்தை உனக்கு வாங்கித் தந்தது நான்.

தொண்ணூறுகளின் கடைசி. சாலைக் கடைத்தெருவில் ஒரே துணிக்கடையில் வேலை. நீ சேலைப் பிரிவு, நான் ரவிக்கைத் துணி. ஓணக் கூட்டத்துக்கு முன்பு மேல்மாடியில் சரக்கு எடுக்கப் போனபோது, கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து உன் இடது மார்பில் வைத்தாய். நெல்லிக்காய் அளவில், கல் மாதிரி.

“வலிக்கா?”

“இல்லட்டி. அதான் யோசிக்கேன்.”

“வலிக்கலேன்னா ஒண்ணும் இருக்காது, கேட்டியா. நீர்க்கட்டியா இருக்கும். தைலம் போட்டா கரைஞ்சிரும்.”

எல்லாம் தெரிந்தவள் போலச் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? அந்த உறுப்பின் பெயரைக்கூட உரக்கச் சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாம். உன் கணவரிடம் சொல்லவும் கூசினாய். ஏழு மாதம் தேய்த்தாய். நாளாக ஆக நான் விசாரிப்பதை நிறுத்தினேன். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு உன் பக்கத்து வீட்டுக்காரி நம்மை இழுத்துப்போனாள். வந்திருந்த நர்ஸ் மார்பின் படத்தைச் சுவரில் மாட்டியதும் முன்வரிசையில் முந்தானைக்குள் சிரிப்பு. அவர் கண்டுகொள்ளவில்லை. கட்டி தட்டுப்பட்டால், “வேதன இல்லெங்கிலும் காணிக்கணம்” என்றார் மலையாளத்தில். வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வாங்கவும் சேர்ந்தே போனோம். புற்றுநோய்தான், அக்குளுக்கும் பரவியிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார்.

“இத்ரயும் நாள் ஆரோடும் பறஞ்ஞில்லே?”

நீ என்னைக் கைகாட்டப் போகிறாய் என்று காத்திருந்தேன். நீ தலை நிமிர்ந்து, “இல்ல டாக்டர். ஆருகிட்டயும் சொல்லல” என்றாய்.

அறுவை முடிந்து, முடி கொட்டி முளைத்து, மறுபடி கடைக்கு வந்தாய். சேலை விரித்துக்கொண்டே, வாங்க வந்த பெண்களிடம் மார்பில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பாய். முதலாளி, “நீ சேல விக்க வந்தியா, ஆஸ்பத்திரி நடத்த வந்தியா?” என்று கத்தினார். அசையவில்லை நீ. அப்படி உன் பேச்சைக் கேட்டுப் போன ஒருத்தி, ஆரம்பத்திலேயே தெரிந்ததால் பிழைத்தேன் என்று வந்து உன் கையைப் பிடித்தாள். நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு வருடம் இருந்தாய். கடைசி வாரம் உன் கட்டிலருகே, “அந்தத் தைலம்...” என்று ஆரம்பித்தேன்.

“ரெண்டு பேருக்கும் தெரியாதுல்லா. விடுட்டி.”

விட முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மாடிவீட்டுப் பெண், என் மருமகள் வயதுதான், கொடியில் துணி காயப்போட்டபடி தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தேன். “வா, இப்பமே போவோம்.”

நாளைக்கு முடிவு சொல்வார்கள். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.