விளக்கை யார் ஏற்றுவது

ஜனவரி 8, 2006. ஞாயிறு
உறைபனி. பஸ் வரவில்லை, மாதா கோயில் பூசைக்கு நடை. காது விறைத்துப்போனது.

பூசை முடிய பங்கு மண்டபத்தில் பொங்கல் விழாக் கூட்டம். மேடையில் குத்துவிளக்கு வைப்பதா, இல்லையா? அந்தோனி அண்ணை ஒரே பிடி. "விளக்கு சைவ ஆக்களின்ர. நாங்கள் வேதக்காரர். எங்களுக்கு மெழுகுதிரி காணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, மன்னாரில எங்கட கோயிலுக்குள்ளயே சிலுவை வைச்ச விளக்கு நிண்டது. அது தமிழரின்ர விளக்கு. சமயத்தை ஏன் இழுக்கிறியள்?"

விழாத் தலைவி ரீற்றா என் பக்கம். கை தட்டினார்கள். வென்றாயிற்று! விளக்கு என்னுடையதுதான், உச்சியில் சிலுவை உள்ளது. என் மனுசன் உயிரோடு இருந்தபோது கொழும்பில் வாங்கினது.

முட்டை வாங்க மறந்துவிட்டேன்.

10, செவ்வாய்
டவுன்டவுன் ஹோட்டல் குசினியில் இரட்டை வேலை. கால் வீக்கம். வந்து புளி போட்டு விளக்கு தேய்த்தேன். மகள் ஷாலினி எட்டிப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் "ட்ரே போ, அம்மா" என்றாள், நல்ல வடிவாம். அவளுக்குப் பெருமை. எனக்கும்தான், ஏன் பொய்.

12, வியாழன்
ரீற்றா போன் எடுத்தா. குளிர், பிள்ளைகள், விலைவாசி என்று சுற்றி வளைத்துக் கடைசியில்:

"குறை நினையாதேங்கோ அக்கா. விளக்கைத் தாங்கோ. கொளுத்திறது மட்டும் புருசனோட வாழுற ஆக்கள் கொளுத்தட்டும். நல்ல நாள், சனம் கதைக்கும். எங்கட பண்பாடுதானே."

"ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் ஓம் என்றேன்?

மனுசன் போய் மூன்று வருசம். ஞாயிறுதோறும் கோயிலில் இவர்களோடு ஒரே வாங்கில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் விளக்கு, எங்கள் விளக்கு என்று கத்தினது நான். இப்போது அந்த 'எங்கள்' என்பதற்குள் நான் இல்லையாம். கோப்பை கழுவும்போது அழுகை. அழுகையைவிட ஆத்திரம்தான் கூட.

விளக்கைக் கொடுக்காமல் விடலாம். அந்தோனி அண்ணை சிரிப்பார். அதுவும் வேண்டாம்.

14, சனி. பொங்கல்
நல்ல வெயில், கொல்லும் குளிர். விளக்கைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனேன். எல்லாரும் மண்டபத்துக் குசினியில், பானையோடு. மேடையில் விளக்கை வைத்தேன். எண்ணெய் விட்டேன். திரி போட்டேன். ஐந்தையும் நானே கொளுத்தினேன். பிறகு முன்வரிசைக் கதிரையில் இருந்தேன்.

ரீற்றா வந்தவ, அப்படியே நின்றுவிட்டா.

"அக்கா, என்ன வேலை பார்த்தனீங்கள்!"

"கொளுத்திட்டன்."

"இப்ப நான் என்ன செய்ய?"

"வேணுமெண்டால் அணையுங்கோ."

நல்ல நாளில் எரிகிற விளக்கை அணைத்தால் அபசகுனம். அந்தப் பண்பாடு அவவுக்கும் தெரியும். கிட்டப் போனா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டா. திரும்பி வந்தா.

சனம் நிரம்பியதும் மைக்கில் சொன்னா: "விளக்கேத்தியாச்சு, எல்லாரும் எழும்புங்கோ."

யார் ஏற்றியது என்று சொல்லவில்லை. எல்லாரும் எழும்பி விளக்கைப் பார்த்து நின்றார்கள், அந்தோனி அண்ணையும். நான் மட்டும் எழும்பவில்லை.