சாக்குத் துணியில் ஒரு பெயர்

1996 பங்குனி (மார்ச்) 3, ஞாயிறு

இதை யாராவது வாசித்தால் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட கொப்பிதான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்கவில்லை. சில கூரையில் ஏறுகின்றன, சில குழிக்குள் விழுகின்றன. அறுபத்தெட்டு வயதுக் கை. வலை இழுத்த கை. பேனையைப் பிடித்தால் துடுப்பைப் பிடித்தது போல இறுகிவிடுகிறது.

ஆனால் எழுதுகிறேன்! அருளையா ஆகிய நான் எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. பின்வாங்கில் நானும் இருக்கிறேன். முழங்கால் மேசையில் இடிக்கும். குகனேஸ்வரி ரீச்சர் நேற்று என் கொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பு, உங்கடை ழானா கடலுக்கை போகுது, கொஞ்சம் இஞ்சாலை இழுங்கோ" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று பக்கம் ழானா எழுதினேன்.

காலையில் பியாத்சா மரீனா பழஞ்சாமான் சந்தையில் கடை விரித்தோம், நானும் பேனாட்டும். இரண்டு விளக்கும் ஒரு கதிரையும் விற்றுப் போயின. பேனாட் என் மனைவியின் தம்பி. அவள் கண்மூடிய பிறகு எனக்கு இந்தச் சிசிலியில் உறவென்று அவன்தான்.

பங்குனி 6

தமிழ்க் கடையில் மாப் பைக்கற்றை முழுவதும் வாசித்தேன். கடைக்காரன், "வாங்கப் போறியளோ, படிக்கப் போறியளோ?" என்று கேட்டான்.

பங்குனி 12, செவ்வாய்

செலஸ்ரீனா வந்தாள். தாயின் செத்த வீட்டுக்கென்று ஊருக்கு, பேசாலைக்குப் போனவள். சண்டையில் பாதை பூட்டி, இங்கே இருக்கிற அனுமதியான பெர்மெஸ்ஸோவும் முடிந்து, ஒரு வருடத்துக்கு மேல் அங்கே மாட்டுப்பட்டுப் போனாள். இப்போதுதான் திரும்பி, முன்பு வேலை செய்த சிஞ்ஞோரா அம்மா வீட்டிலேயே வீட்டு வேலை.

போகும்போது தன் பெட்டியைப் பேனாட்டிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள மகசீனோவில், அந்த வாடகைக் கிடங்கில், வைக்கச் சொல்லி, வாடகைக் காசும் முன்கூட்டியே கொடுத்தாளாம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். ஊருக்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்கள் பெட்டியைச் சாக்குத் துணியால் சுற்றித் தைத்து, பெயர் எழுதி, பேனாட்டின் கையில் கொடுப்பார்கள். அவன்தானே அங்கே ஏலத்துக்கு அடிக்கடி போகிறவன்.

"பேனாட் சொல்லுறார், திறப்பு வைச்சிருக்கிற ஆள் நாப்போலிக்குப் போட்டானாம், ஈஸ்டருக்குப் பிறகு வா எண்டு. அருளையாண்ணை, நீங்கள் ஒருக்காக் கதையுங்கோவன்."

"அப்பிடி என்ன பிள்ளை கிடக்கு அதுக்கை?"

"இடியப்ப உரல் கிடக்கு. ரெண்டு சீலை. மற்றது... அவரின்ரை சேட்டு."

அவள் புருஷன் கடல் தொழிலுக்குப் போன வள்ளம் வந்தது, அவன் வரவில்லை. குழியும் இல்லை, சிலுவையும் இல்லை. நீலக் கோடு போட்ட சேட்டு, பையில் வலை நூலால் தைத்த தையல். அவனே தைத்தது. தான் செத்தால் சவப்பெட்டிக்குள் பக்கத்தில் வைக்கச் சொல்லி மகளிடம் அவள் சொல்லி வைத்திருக்கிறாள்.

கதைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பங்குனி 13

கதைத்தேன். "நாப்போலி எண்டு சொன்னன் தானே அத்தான்" என்றான் பேனாட்.

பங்குனி 20, புதன்

இன்று மகசீனோவில் ஏலம்.

அங்கே முறை இதுதான். வாடகை கட்டாத அறையின் தகரக் கதவைத் தூக்குவார்கள். வாசலில் சோக்குக் கோடு. கோட்டைத் தாண்டக் கூடாது, தொடக் கூடாது, டோர்ச் அடித்துப் பார்க்கலாம். கதவை இறக்கிவிட்டு விலை கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்குள் இன்னொரு முறையும் உண்டு. எங்களில் ஒருவன் கை உயர்த்தினால் மற்றவன் உயர்த்த மாட்டான். அங்கே வருகிற சிசிலிக்காரருக்கும் அது தெரியும்.

கதவு ஏறியது. ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு சைக்கிள், மூலையில் சாக்குத் துணி தைத்த பெட்டி. முன்பும் இப்படிப் பெட்டிகள் வந்திருக்கின்றன. எழுத்தைக் காட்டிக் கேட்டால் "சிங்களம், அத்தான்" என்பான் பேனாட். எழுத்துத் தெரியாதவனுக்கு எல்லாம் ஒன்றுதான். துணியை அவனே கிழித்து எறிவான்.

இன்றும் சொன்னான், "சிங்களச் சாமான்."

நான் டோர்ச் அடித்தேன். செ... ல... ஸ்... வாய்க்குள் கூட்டினேன். ரீ... னா. மாதாவே, முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது! ரீச்சர் இல்லாமல், படம் இல்லாமல், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பெயரை வாசித்துவிட்டேன் என்று. அதற்குப் பிறகுதான் அது யாருடைய பெயர் என்று விளங்கியது.

பேனாட் வாடகைக் காசை வாங்கி, கட்டாமல் விட்டு, ஏலத்துக்கு வரவைத்து, அடிவிலைக்குத் தானே எடுக்கிறான். எத்தனை பேருடையதை?

பேனாட் கை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன்.

"அத்தான், என்ன விசரா?" என்று பல்லுக்குள் கேட்டான். மறுபடியும் உயர்த்தினான். நானும். அப்போது சாரோ திரும்பிப் பார்த்தான். சந்தையில் எங்களுக்கு எதிரில் கடை போடுகிற கிழவன். எங்களைப் போன்ற கறுத்த அந்நியரைத் துர்க்கி, துருக்கியர் என்றுதான் சொல்லுவான். "துர்க்கிகள் தங்களுக்குள் அடிபடுகிறார்கள் என்றால் உள்ளே தங்கம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அவனும் உயர்த்தினான். மற்றவர்களும் சேர்ந்தார்கள். என் கையில் இருந்தது முடிந்தது. பேனாட்டும் விட்டான். சாரோ எடுத்துக்கொண்டு போனான்.

நான் ஏன் கை உயர்த்தினேன்? பேசாமல் நின்றிருந்தால் பேனாட் எடுத்திருப்பான், பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அங்கே வைத்துச் சட்டையைப் பிடித்திருக்கலாம். அதைக்கூட யோசிக்கத் தெரியாத எனக்கு எழுத்து எதற்கு?

பங்குனி 21

பேனாட்டிடம் கேட்டேன்.

"காசு வாங்கினனி தானே அவளட்டை?"

"வாறன் வாறன் எண்டு போறவங்கள் வாறாங்களோ? வராததுகளின்ரை சாமானை எலி தின்னட்டோ? அதிலைதானே நீங்களும் இவ்வளவு நாளும் சாப்பிட்டனீங்கள்."

"எனக்குத் தெரியாது பேனாட்."

"இப்ப தெரிஞ்சு என்ன கண்டியள்? அந்தப் பெட்டி இப்ப ஆரட்டை? வகுப்புக்குப் போனது எனக்குக் குழி வெட்டவோ?"

பெட்டி சாரோவிடம்தான்.

பங்குனி 24, ஞாயிறு

தனியாகக் கடை விரித்தேன். எதிரில் சாரோ செலஸ்ரீனாவின் பெட்டியைப் பரப்பி வைத்திருந்தான். தங்கம் இல்லாத கோபம் முகத்தில் இருந்தது. இடியப்ப உரலைத் தூக்கி, பழங்காலத்துப் பாஸ்தா இயந்திரம் என்று ஒரு ஜெர்மன்காரியிடம் கதை விட்டுக்கொண்டிருந்தான். சீலைகள் மேசை விரிப்பாகக் கிடந்தன. உரலையும் சீலைகளையும் கேட்ட விலைக்கு வாங்கினேன்.

சேட்டு இல்லை. தேடினேன். பிறகு கண்டேன். சாரோ தன் மூன்று சில்லு வண்டியின் எஞ்சினை அதால் துடைத்துவிட்டு, கைபிடியில் தொங்கவிட்டிருந்தான். நீலக் கோடு. வலை நூல் தையல்.

இது என்ன விலை என்று கேட்டேன். "குப்பை. கொண்டு போ" என்றான். காசு வாங்கவில்லை.

பங்குனி 26

கொடுக்கப் போனேன். சிஞ்ஞோரா வீட்டு வாசல் மணியை அடிக்காமல் திரும்பிவிட்டேன்.

பங்குனி 31, குருத்து ஞாயிறு

பூசைக்கு முன் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். செலஸ்ரீனா சேட்டை முகத்தில் வைத்து மணந்து பார்த்தாள்.

"அவரும் எண்ணெய் மணத்தோடைதான் வாறவர், அண்ணை" என்றாள். இன்னொரு தரம் மணந்துவிட்டு, "இது அவரின்ரை எண்ணெய் இல்லை" என்றாள்.

கோயில் வாசலில் பேனாட் குருத்தோலை கொடுத்துக்கொண்டு நின்றான். அவள் கையை நீட்டவில்லை. அவனுக்கு முன்னால் நின்று, சேட்டை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அவனுக்கு முகம் கறுத்தது. பின்னால் வந்தவர்கள் ஓலையை வாங்கிக்கொண்டார்கள். நானும் வாங்கவில்லை.

பூசை முடிய, எங்கள் கோயில் ஆட்களில் ஒருவனான அலோசியஸ் என்னைப் பிடித்துக்கொண்டான். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்கடை ஆளோடை போட்டிக்கு நிண்டது பிழை, அண்ணை."

எது பிழை என்று நானும் யோசிக்கிறேன்.

சித்திரை 17

பேனாட் இப்போது சாரோவுடன் சேர்ந்து ஏலம் எடுக்கிறான் என்று கேள்வி.

வைகாசி 5, ஞாயிறு

மகசீனோவுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல். சந்தைக்கும் விற்க ஒன்றும் இல்லை. சீசாப் பகுதியில் நான் தனியாக இருக்கிற அறையில் கால் நீட்ட இடமில்லாமல் படுக்கிறேன். கட்டிலுக்குக் கீழே, யன்னலடியில், கதவுக்குப் பின்னால் பெட்டிகள். ஊருக்குப் போகிறவர்கள் கொண்டுவந்து வைத்தவை. வாடகை வாங்குவதில்லை. போன கிழமை அலோசியஸும் ஒன்று கொண்டுவந்தான். என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனான்.

முதலில் வந்தது செலஸ்ரீனாவின் புதுப் பெட்டி. அவள் போகவில்லை, சேட்டைத்தான் வைத்திருக்கிறாள். "பேரை நீங்களே எழுதுங்கோ" என்றாள். எழுதினேன். ரீ கொஞ்சம் சரிந்துவிட்டது. ஆனால் பெரிதாக எழுதினேன், கோட்டுக்கு அப்பால் டோர்ச் அடிக்கிறவனுக்கும் தெரியும்படி.

இன்னும் இரண்டு பெட்டி வருகிறதாம். மார்க்கர் காயவில்லையென்றால் பெயர்களை எழுதிவிட்டு, வருகிற ஞாயிறு இந்தக் கொப்பியிலும் எழுதுவேன். அதற்குள் ரீயை நேராக்கிவிட வேண்டும்.