இடுப்பில் இருக்கும் சாட்சி

ஜூலை 7, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் தண்ணீர். பால் தாமதம்.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. கோபால்ட் இருக்கக் கூடாத அளவில். இடுப்பில் வைத்த உலோகக் குண்டும் உலோகக் கிண்ணமும் உரசி உரசி, பொடி ரத்தத்தில் கலக்கிறதாம். உட்காரும்போது வரும் அந்தக் 'கிரீச்' சத்தம் நாற்காலியுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தச்சனை வேறு திட்டினேன், பாவம்.

புது டாக்டர்: எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். இந்த வயதில் இன்னொரு தடவை அந்த ஆபரேஷன் மேஜை.

மதியம் இம்ப்ளான்ட் கம்பெனி ஆள் போன். தேன் குரல். ஆபரேஷன் செலவு அவர்களுடையது. பதிலுக்கு, வழக்குப் போட மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து. கழற்றிய பாகத்தை "டெஸ்டிங்குக்கு" அவர்களே எடுத்துக்கொள்வார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் அனுப்பிய காகிதத்தில் இரண்டு இலக்கணப் பிழை. சிவப்பு மையில் திருத்தினேன்.

என் சிநேகிதி லலிதாவுக்கும் இதே கம்பெனி, இதே சர்ஜன். செம்பூரிலிருந்து வாராவாரம் வந்து எதிரே உட்காருவாள். மே மாதம் போய்விட்டாள். இதயம் என்று எழுதிக்கொடுத்தார்கள். அவள் ரத்தத்திலும் இதே கோபால்ட்.

ஜூலை 9, புதன்
வக்கீல் ஆபீஸ். லலிதாவின் பிள்ளை சுந்தர் சொன்ன இடம். மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் இடுப்பு பேசியது. வக்கீல் செல்வி, தாராவியில் பிறந்து வளர்ந்த பெண், திருநெல்வேலிப் பேச்சு. என்னை 'ஆன்ட்டி' என்றாள். விட்டுவிட்டேன்.

"ரெண்டு வழி இருக்கு ஆன்ட்டி. ஒண்ணு, நஷ்டஈட்டுக்குன்னு கவர்மென்ட் போட்ட குழு. இன்னொண்ணு நுகர்வோர் ஆணையம். அதுக்கு ரெண்டு வருசக் கெடு உண்டு. இப்பத்தானே தெரிஞ்சிருக்கு, பயப்படாதீங்க. அவன் காயிதத்துல மட்டும் கையெழுத்துப் போட்டுராதீங்க, எல்லா வழியும் அடைச்சிரும்."

"திருத்தித்தான் வைத்திருக்கிறேன்" என்றேன். சிரித்தாள்.

பிறகு சிரிக்காமல்: "கழத்துன சாமான் உங்க கைக்கு வரணும். ஆபரேஷனுக்கு முன்னாலயே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவோம், சீல் வெச்சு டாக்டர் கையெழுத்தோட தரச் சொல்லி. அதான் சாட்சி. ஒரு கேஸ்ல அது இல்லாம நான் படுத பாடு எனக்குத்தான் தெரியும்."

யாருடைய கேஸ் என்று சொல்லவில்லை. சுந்தரைக் கேட்டால் தெரியும்.

வாங்க வேண்டியது: காப்பிப்பொடி, வெற்றிலை, வலி மாத்திரை.

ஜூலை 10, வியாழன்
சுந்தர் வந்தான். குடையை உள்ளே விரித்து வைத்தான். சொன்னேன், மடக்கினான்.

"லலிதாவோட குண்டு எங்கேடா?" நேராகவே கேட்டேன்.

தலை நிமிரவில்லை. "அஸ்தி எடுக்கப் போனேனா மாமி, சாம்பல்லே பளபளன்னு கெடந்தது. குண்டு, தண்டு எல்லாம். ஒண்ணுமே ஆகலை அதுக்கு. காரியம் பண்ணிவெச்ச வாத்தியார் சொன்னார், 'அம்மா ஒடம்பிலே இருந்தது, அம்மாவோடயே போகட்டும்'னு. கலசத்திலே சேர்த்துட்டேன்."

"அப்புறம்?"

"நாசிக். கோதாவரியிலே கரைச்சுட்டேன். எலும்பெல்லாம் மெதந்துண்டு போச்சு. அது மட்டும் 'தொபுக்'னு உள்ளே."

அழுதான். அம்பது வயதுக்காரன். 'முட்டாளே' என்று நாக்கு நுனி வரை வந்தது. என் கணவர் அஸ்தியில் இப்படி ஏதாவது கிடந்திருந்தால் நானும் அதைத்தானே செய்திருப்பேன். காப்பி கொடுத்தேன். எக்ஸ்ரேயும் ரத்த ரிப்போர்ட்டும் இருக்கின்றன, லலிதாவின் கேஸ் முழுக்கப் போய்விடவில்லை என்று செல்வி சொன்னாளாம். ஆனால் கம்பெனி, 'பொருளைக் காட்டு' என்கிறது.

அவனைக் கொன்றதை அவனே... இல்லை, தப்பாக எழுதுகிறேன். அவளைக் கொன்றதை அவனே ஆற்றில் போட்டுவிட்டான். பயத்தில் எழுத்துகூடத் தடுமாறுகிறது.

ஜூலை 12, சனி
ஆபரேஷன் செவ்வாய் காலை. செல்வியின் கடிதத்தை ஆஸ்பத்திரி முத்திரை போட்டு வாங்கிக்கொண்டது.

கம்பெனி ஆளுக்கு நானே போன் செய்தேன். கான்வென்ட் ஆங்கிலத்தில், நிதானமாக: கையெழுத்து இல்லை, பாகமும் இல்லை. "அதை வீட்டில் வைப்பது ஹைஜீன் பிரச்சினை மேடம்" என்றான். இத்தனை வருஷம் என் ரத்தத்துக்குள் இருந்தபோது ஹைஜீன் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். போனை வைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டே கட்டில் வரை.

வாயில் இரும்புச் சுவை. ரிப்போர்ட் வந்த பிறகுதானா, முன்பே இருந்ததா? தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்
மழை விட்டு வெயில். புடவை இரண்டு, துண்டு, கண்ணாடி, ஜபமாலை. வளையல் கழற்றியாயிற்று.

என் பிள்ளை ரமேஷ் அணுசக்தி நகரிலிருந்து லீவு போட்டு வந்தான். உட்கார வைத்துச் சொன்னேன். நான் பிழைத்தால் சீல் வைத்த பெட்டி அவன் கையில். செல்வியிடம் கொடுக்க வேண்டும்.

"சரிம்மா."

"மயக்கத்திலேயே போய்ட்டேன்னா..."

"அம்மா! என்ன பேச்சு இது, நாளும் கெழமையுமா."

"கேளுடா. கழட்டறதுக்கு முன்னாடியே போய்ட்டேன்னா, அது எனக்குள்ளயே இருக்கும். டாக்டர்ட்ட எடுத்துத் தரச்சொல்லு. மாட்டேன்னா, அஸ்தி எடுக்கறச்சே வாத்தியார் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீ குனிஞ்சு எடுத்துடணும்."

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

"இருக்கு. எலும்பு கோதாவரிக்கு. அது கோர்ட்டுக்கு."

எழுந்து சமையலறைக்குப் போனான்.

அவன் அப்பாவின் பழைய ஆபீஸ் டிபன் டப்பாவோடு வந்தான். அந்தக் குண்டு அடங்குமா, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகித் திருகிப் பார்க்கிறான்.