கால்விலங்கின் ஐந்தெழுத்து

கடல் தன் கரை மீறாதிருக்க. கழனி தன் பருவம் தவறாதிருக்க. ஆழிவாயில் நகரத்துக் கலங்கரை விளக்கு ஓரிரவும் அணையாதிருக்க.

வடகரைப் பாசறையில் வீற்றிருக்கும் வெண்டுறை நாட்டு வேந்தர், முத்துக்குடைக்கு உரியவர், மாறவேள் திருக்கண்டர் திருமுன்பு, அவர் மீளும்வரை அரியணையின் வலப்புறம் அமர்ந்து நாடு காக்கும் பெருந்தேவி அருள்நங்கை விடுக்கும் ஓலை. உடனுள்ள படைத்தலைவர்க்கும், யானைகளுக்கும், குதிரைகளுக்கும், அடுக்களையில் அரிசி களைவோர்க்கும் நம் ஆசி உரியதாகுக.

பட்டங்களைச் சொல்லி முடித்தாயிற்று. இனி எழுதுவது மகனுக்குத் தாய் எழுதுவது. அருகில் நிற்போரை வெளியே அனுப்பிவிட்டு மேலே படி.

பாசறைக்குப் புறப்பட்ட அன்று, உனக்கு ஆங்கிலம் கற்பித்தவரும் அவையில் அந்நியர் பேச்சை மொழிபெயர்ப்பவருமான துபாஷி தழுவக்குழைந்தாரின் காலில் உன் கையாலேயே ஒரு விலங்கைப் பூட்டிச் சென்றாய். ஆங்கிலக் கப்பல் தலைவன் உனக்குக் காணிக்கையாகக் கொணர்ந்த இரட்டை விலங்குகளுள் அது ஒன்று. அதற்குத் திறவுகோல் கிடையாது. அவர்கள் எழுத்துகள் வெட்டிய ஐந்து வளையங்கள் உண்டு. பூட்டியவர் மனத்தில் வைத்த ஐந்தெழுத்துச் சொல் நேர்கோட்டில் வந்து நின்றாலன்றி அது இளகாது. இரண்டு விலங்கிலும் நடுவளையம் உப்புக்காற்றில் துருவேறி, 'ஆர்' என்னும் எழுத்திலேயே நின்றுவிட்டது. ஆகையால் எழுத்து ஐந்தும், நடுவில் 'ஆர்' உம் அமைந்த சொல் ஒன்றே உன் மனத்தில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கப்பல் உன் விடை பெறாமலே விடியலில் மணல்திட்டுகளைக் கடந்து போயிற்று. நம் கழிமுகத்து வழியை அந்நியர்க்குச் சொன்னவர், அவர்கள் மொழி அறிந்த ஒரே மனிதராகத்தான் இருக்கவேண்டுமென்று நீயே முடிவு கட்டினாய். ஒரு சாட்சியைக் கேட்டாயா? இல்லை. சொல் அவருக்கே தெரியும், மனமிருந்தால் திறந்துகொள்ளட்டும் என்று அவையில் அறிவித்துவிட்டுக் குதிரையேறினாய். மறைந்த உன் தந்தைக்கும் கோபம் வரும். ஆனால் குதிரைக்குச் சேணம் பூட்டும் நேரமாவது அதை ஆறவிடுவார்.

நம் நாட்டு வழக்கம் நீ அறிந்ததே. மன்னர் கை பூட்டிய விலங்கில் கொல்லனின் அரம் படக்கூடாது. பூட்டப்பட்டவரே திறந்துகொண்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டவராவார். அரச குடும்பத்தவர் கை திறந்தால் மட்டுமே அவர் குற்றமற்றவராய் வீடு போகலாம். அந்த உரிமையால்தான் நான் சிறைக்கூடம் சென்றேன்.

இரும்பு உரசிய இடத்தில் துபாஷியின் கணுக்கால் பழுத்து, முழங்கால்வரை வீங்கியிருந்தது. விலங்கு விரைவில் கழலாவிட்டால் காலையே எடுக்க நேரும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். துபாஷியின் மனைவி உமையாள் பக்கத்தில் அமர்ந்து வேப்பிலைத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழுந்தாளே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மழைக்காலம் முழுவதும் நீ கற்ற ஆங்கிலம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கோபிக்காதே, உண்மை அதுதான். அந்தக் கைப்பிடிக்குள் ஐந்தெழுத்தும் நடுவில் 'ஆர்' உம் உள்ளவை எவை என்று துபாஷியிடமே கேட்டேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார், எழுத்துகளைக் காட்டினார், நான் வளையங்களைத் திருப்பினேன். உனக்குக் குதிரை மேல் பித்து என்பதால் முதலில் 'ஹார்ஸ்'. வடக்கே படை நடத்துகிறாய் என்பதால் 'நார்த்'. பிறகு மண்ணுக்கு 'எர்த்', உலகத்துக்கு 'வேர்ல்டு', எதிலும் முதல்வனாக நிற்க விரும்புகிறவனாயிற்றே என்று 'ஃபர்ஸ்ட்'. எண்ணிக்கையில் 'த்ரீ' கூட விடவில்லை. விலங்கு அசையவில்லை. இனி ஒன்றும் இல்லை, தேவி என்றார் அவர்.

ஒன்று இருந்தது. அந்தக் காணிக்கையை அவையில் வைத்த அன்று, நடுவளையம் திரும்பவில்லையே என்று கப்பல் தலைவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு சொல் சொன்னான். பொருள் என்னவென்று நீ கேட்டாய். பொறுத்தருள்க என்பது என்று துபாஷி விளக்கி, நடுவில் 'ஆர்' வரும் அதன் ஐந்து எழுத்துகளையும் எழுதிக் காட்டினார். மன்னர்க்கு வேண்டாத சொல், குடிகளுக்கு மட்டும் கற்றுக்கொடும் என்று சொல்லி நீ சிரித்தாய். அந்தச் சொல் 'ஸாரி'. எல்லாச் சொல்லையும் சொன்னவர் அதைமட்டும் ஏன் விட்டார் என்று நினைத்த கணமே எனக்கு விளங்கிவிட்டது. காலில் விலங்கு ஏறிய நாளிலிருந்தே அவர் அதை அறிந்திருக்கிறார். கை எட்டும் தூரத்தில் விடுதலையை வைத்துக்கொண்டு வலி பொறுத்திருக்கிறார்.

நான் முதல் வளையத்தைத் தொட்டதும் அவர் காலை இழுத்துக்கொண்டார். அந்த வலியில் அவருக்கு மூச்சு முட்டியது. பிறகு மெல்லச் சொன்னார்: "தாயே, நான் செய்யாத குத்தத்துக்கு அந்தச் சொல் என் கால்ல நிக்கக்கூடாது. யார் கை திருப்பினாலும் நான் சொன்னதாத்தான் ஆகும். கால் போனாப் போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு சொல்லுக்காகவா காலை இழப்பார்கள் என்று கடிந்துகொண்டேன். நீயாவது எடுத்துச் சொல் என்று உமையாளைப் பார்த்தேன். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, கணவர் சொல்வது தனக்கும் சரியாகவே படுகிறது என்றாள். வளையத்தை விட்டுவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பரதவர் தலைவன் சேந்தன் தானாகவே அரண்மனைக்கு வந்தான். கப்பலுக்கு முன்னே படகு செலுத்தி வழிகாட்டியவன் தானே என்றான். சென்ற புயலில் கவிழ்ந்த படகிலிருந்து தன் தம்பிமார் இருவரையும் அந்தக் கப்பல்காரர்கள்தாம் தூக்கிக் காப்பாற்றினார்களாம். அந்த நன்றிக்குச் செய்ததாம். துபாஷிக்கு இதில் ஏதும் தெரியாதென்று சொல்லி, விலங்குக்குத் தன் காலை நீட்டினான். அவனுக்குச் சோறிட்டு வீட்டுக்கு அனுப்பினேன். அவனைத் தண்டிக்கும் எண்ணம் உனக்கு வந்தால், முதலில் என்னிடம் பேசு.

மகனே, நீ கொடியவனல்லன் என்பதை நான் அறிவேன். அந்தச் சொல்லை வைத்ததிலும் அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்ததாகவே நீ நினைத்திருப்பாய். ஆனால் அது அவர் நுழையவேண்டிய வாசல் அன்று. வடகரையில் இப்போது போரில்லை. மழையும் சேறுமே உள்ளன என்று உன் படைத்தலைவரே எழுதியிருக்கிறார். அவரிடம் பாசறையை ஒப்படைத்துவிட்டு, இவ்வோலை கண்ட நாழிகையே புறப்பட வேண்டியது. நீ விலங்கிட்ட அதே அவையில், அனைவரும் காண, உன் கையால் அந்த ஐந்தெழுத்தைத் திருப்பி, உன் வாயால் அதைத் துபாஷிக்குச் சொல்ல வேண்டியது. இது நாடு காப்பவளின் ஆணை.

தாயின் செய்தி வேறு. நீ தாமதிப்பாய் என்று எனக்குத் தெரியும். சிறுவயதிலும் நீராட அழைத்தால் ஒளிந்துகொள்பவன்தானே. ஆகவே இன்று காலை இரட்டையில் மற்ற விலங்கை எடுத்து என் காலில் பூட்டிக்கொண்டேன். அதற்கும் அதே சொல்தான். வைத்தியர் தலையிலடித்துக்கொள்கிறார். நடந்தால் வலிக்கிறது, இரவில் திரும்பிப் படுக்க முடியவில்லை. அவர் எப்படித்தான் தாங்குகிறாரோ!

சங்கும் துடுப்பும் பொறித்த நம் இலச்சினையை இவ்வோலைமேல் இட்டோம். கொண்டுவருவோனுக்கு உணவும் புதுக்குதிரையும் தந்து, அவனுடனேயே வருக. வந்ததும் முதலில் அவர் கால். பிறகுதான் என் கால். வரிசை மாறினால் நானும் இழுத்துக்கொள்வேன்.