பதினொரு நிறுத்தங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக நாங்கள் இருவரும் நலம் என்றுதான் தொடங்குவேன், இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. மூன்று வாரமாக நீ போன் செய்யும்போதெல்லாம் அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வந்தேன், அது பொய். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, நடக்கிறார், சாப்பிடுகிறார், பேச்சுதான் போய்விட்டது. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று அவருக்கு வார விடுமுறை. காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றார், வலது கை சொன்னபடி கேட்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறேன் என்றேன். டிப்போவில் அவருக்கு அகராதி என்று பட்டப்பெயர் வைத்தது சும்மாவா, உடனே அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிட்டார். அது நடக்கிறதுங்கிற சொல்லுல இருந்து வந்தது, படைக்குப் பின்னாடியே போன ஆஸ்பத்திரிக்கு வச்ச பேரு, என் காலே நடக்குறப்ப அது எதுக்கு, நம்ம பஸ்லயே போயிடலாம் என்றார். டாக்சி என்றேன். அது மீட்டரோட பேர வச்சுக்கிட்டு ஓடுற வண்டி, கண்ணு மீட்டர விட்டு நகராது என்றார். நாக்கு லேசாகக் குழறியது எனக்குக் கேட்கத்தான் செய்தது. இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர் சொல்கிறாரே என்று கூடவே கிளம்பிவிட்டேன்.

அன்று ஓட்டியவர் அவருடைய கூட்டாளி, அந்த நெட்டை டிரைவர்தான். அப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, எங்கயும் நிக்காம ஆஸ்பத்திரிக்கே விட்டுடுறேண்ணே என்றார். ஏறியிருந்தவர்களும் விடுங்க விடுங்க என்றார்கள். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பஸ்ங்கிறது லத்தீன்ல எல்லாருக்கும்னு அர்த்தம் வர்ற ஆம்னிபஸ்ங்கிற சொல்லோட வாலு, எனக்கு மட்டும் ஓட்டினா அது பஸ்ஸே இல்ல, எல்லா ஸ்டாப்லயும் நிறுத்து என்றார். அவர் கோவையாகப் பேசியதில் அதுதான் கடைசி. பதினொரு நிறுத்தம். ஒன்பதாவதில் யாரோ ஓடி வருகிறார் என்று காத்திருக்கவும் சொன்னார், கையை மட்டும் காட்டி.

இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சக் காப்பாத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். நெட்டை டிரைவர் தினமும் வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போகிறார், கூப்பிட்டாலும் உள்ளே வருவதில்லை. அவர்மேல் என்ன தப்பு? அப்பாமேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. அவர் எழுந்து நின்று அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நிறுத்தாமல் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சைக்கிள், கப்பல், ரயில் என்று படம் படமாகக் காட்டுகிறாள். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறாள். நீ அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பாதே, லீவு கிடைக்கும்போது வா. வேளைக்குச் சாப்பிடு, தலைவலி மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். இனி அவர் காதில்தான் வைப்பேன். எந்தப் பதிலும் வராது, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. போன வாரம் நீ என்னிடம் பேசி வைத்த பிறகு, அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
உன் அம்மா