நாலாவது கார்பன்

மார்ச் 4, செவ்வாய்

ஏசி பழுது. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை. மதியம் ஆய்வு மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மேடம், கோபப்படாதீங்க. உங்க நம்பர் வரவே மாட்டேங்குது."

என் நம்பர் என்றால், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நான் அளந்து அச்சேறியது. அந்தப் பாலிமரின் ஒவ்வொரு கண்ணியிலும் நேர்மின்னூட்டம் ஒன்று, எதிர்மின்னூட்டம் ஒன்று. நடுவில் சின்னதாக ஒரு கார்பன் சங்கிலி. குளிர்ந்த நீரில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், தண்ணீர் பால் போலக் கலங்கியிருக்கும். சூடாக்கினால் பிடி தளர்ந்து தெளிந்துவிடும். நடுவில் மூன்று கார்பன் இருந்தால் தெளிவது 31 டிகிரியில், நான்கு இருந்தால் 36-இல். ஒரு கார்பன் கூடுவதால் பெரிய வித்தியாசமில்லை என்று எழுதியிருந்தேன். இவளுக்கு மூன்று சரியாக வருகிறது. நான்கு 58-இல் தெளிகிறதாம்.

"கருவியைச் சரிபார்."

"மூணு தடவை பாத்துட்டேன் மேடம்."

58. இந்த எண்ணை முன்பே கேட்டிருக்கிறேன்.

மார்ச் 5, புதன்

அண்ணியின் எண் அது. அப்போது அவள் அண்ணி இல்லை, ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி. ஒரே பாலிமர். அவள் 58 என்றாள், நான் 36 என்றேன். பேராசிரியர் என்னுடையதை எடுத்துக்கொண்டார். அவள் ஆய்வேட்டில் பாதி போயிற்று. ஆறு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு விலகினாள். என்னைப் பார்க்க வந்துபோன அண்ணனைக் கட்டிக்கொண்டாள். இப்போது பெயின்ட் கம்பெனியில் தரப் பரிசோதனை. மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். 58-ஐப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

பழைய நோட்டை எடுக்கவில்லை. எதற்கு? உள்ளே இருப்பது எனக்குத் தெரியாதா?

மார்ச் 6, வியாழன்

எடுத்தேன்.

நான்கு கார்பன்காரன் லேசில் கரையமாட்டான். உப்புப் போட்டுத்தான் கரைக்க வேண்டும். பிறகு மெல்லிய பையில் கட்டி, பக்கெட் தண்ணீரில் முக்கி, தினமும் தண்ணீர் மாற்றி எட்டு நாள் வைத்தால் உப்பு வெளியேறிவிடும். மிச்சமிருந்தால் மின்னூட்டங்களுக்கு நடுவே புகுந்து பிடியைத் தளர்த்தும், சீக்கிரமே தெளிந்துவிடும்.

என் நோட்டில் நாளுக்கு ஒன்றாக எட்டு டிக். முதல் இரண்டு வேறு வேறு மையில். மற்ற ஆறும் ஒரே மை, ஒரே சாய்வு. கருத்தரங்குக்கு அனுப்பும் அவசரம்.

பேராசிரியர் எங்கள் இருவரையும் நிறுத்திவைத்துக் கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே கழுவினீங்க?"

"ஆமா சார்" என்றேன்.

உப்பு போயிருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன். நம்பினேனா — இல்லை, இப்போது அப்படி எழுதத் தோன்றுகிறதா?

மார்ச் 14, வெள்ளி

நானே செய்து பார்த்தேன். இரண்டு நாள் கழுவியது: 37. எட்டு நாள் கழுவியது: 58.

மாணவி எனக்காகச் சமாதானம் தேடினாள். "அந்தக் காலத்துல நல்ல தண்ணி கிடைக்கலையோ என்னவோ மேடம்."

"கிடைச்சுது" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வீடு. கீழே கார் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்க ப்ரொஃபஸரம்மா, வழி தெரிஞ்சுதா?" மேலே போனேன். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். கத்தி நிற்கவில்லை.

"தெரியும். மூணாம் நாளே உன் பக்கெட்டுல பை இல்ல. என் பக்கெட் அதுக்குப் பக்கத்துலதானே இருந்துது."

"அப்ப ஏன்டி சொல்லல?" இருபது வருடமாக அண்ணி என்று கூப்பிட்ட வாயில் 'டி' வந்துவிட்டது.

"நீ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். அப்புறம் உங்கண்ணனக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் எங்க போய்ச் சொல்ல?"

திருத்தம் வெளியிடுகிறேன், உன் பெயர் முதலில் வரும் என்றேன்.

"எழுதி அனுப்பு, பாக்கறேன்." நறுக்கியதை வழித்துச் சட்டியில் போட்டாள். "சாப்டுட்டுப் போ."

சாப்பிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மாதாமாதம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே.

ஏப்ரல் 2, புதன்

வரைவை அனுப்பினேன். "கழுவிய காலம் போதாமல் உப்பு தங்கிவிட்டதால்" என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. நான்கு முறை படித்தேன். பொய்யில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணன் தனியாக வந்தான். "அவளுக்கு ஏதோ வேலையாம்." ஒரு உறையை நீட்டினான். "ரெண்டு பேருக்கும் என்னதான் ஆச்சு? சின்னப் பிள்ளைங்களாட்டம். கேட்டா அவளும் சொல்லமாட்டேங்கறா."

சொன்னேன். பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டான். "அவ அழுதது எனக்குத் தெரியும். எதுக்குன்னுதான் தெரியாது" என்றான்.

அவன் போனபின் உறையைப் பிரித்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எண்களில் கை வைக்கவில்லை. என் அந்த ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு, மேலே எழுதியிருக்கிறாள்: "எட்டு நாள் கழுவியதாகப் பதிவு செய்யப்பட்டது. கழுவியது இரண்டு நாள்."

அப்படியே தட்டச்சு செய்து ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

திருத்தம் வெளியாகிவிட்டது. அவள் பெயர் முதலில்.

அண்ணன் போன் செய்தான். இந்த மாதமும் வரவில்லையாம், இரண்டு பேரும்.